மூன்றாம் ஓலை

தலைமன்னாரில் சுங்க அதிகாரி என் டிரங்குப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சில வேட்டிகள், ஒரு போர்வை, ஒரு பொட்டலம் கருப்பட்டி, மீதியெல்லாம் ஒரே புத்தகத்தின் பிரதிகள். சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற யாழ்ப்பாணத்துக்காரர் மொழிபெயர்த்தார்: "சீலை ஒண்டும் கொண்டரேல்லையோ, அப்ப என்னத்துக்கு வந்தனீர் எண்டு கேக்கிறார்."

கூத்துப் பார்க்க வந்தேன் என்றேன். அதையும் அவர் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெட்டியின் அடித்தகட்டைத் தட்டிப் பார்த்தார். கூத்துப் பார்க்கக் கடல் தாண்டி ஒருவன் வருவானா, எங்கோ பட்டுச்சேலை இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார் போல. கருப்பட்டியை உடைத்துப் பார்த்த பிறகுதான் விட்டார்.

அந்தப் புத்தகம் நான் எழுதியது. பாளையங்கோட்டையில் ஒரு சிறு அச்சகத்தில் போட்டது. மனிதர்களைவிடக் கரையான்தான் அதை ஆசையோடு படித்தது. யான் ஹுஸ் என்ற குருவானவரின் கதை. ஐந்நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் பிராக் நகரத்தில் பிரசங்கம் செய்தவர். பாவமன்னிப்பைச் சீட்டுப் போட்டு விற்கிறீர்களே, பதவியை விலைகொடுத்து வாங்கிக்கொண்டு வந்து பீடத்தில் நிற்கிறீர்களே என்று, ஜனங்களுக்குப் புரிகிற பாஷையிலேயே திருச்சபையைக் கேட்டார். திருச்சபைச் சங்கத்துக்கு வா, உன் உயிருக்கு நான் உத்தரவாதம் என்று அரசன் எழுதிக் கொடுத்தான். நம்பிப் போனார். சிறையில் போட்டார்கள். சொன்னதெல்லாம் தப்பு என்று சொல், பிழைத்துப்போ என்றார்கள். அவர் சொல்லவில்லை. பிசாசுப் படம் வரைந்த காகிதத் தொப்பியைத் தலையில் வைத்து உயிரோடு கொளுத்தினார்கள்.

இந்தப் புத்தகம் எப்படியோ பருத்தித்துறைப் பக்கம் ஒரு கத்தோலிக்க மீனவரின் கைக்குப் போயிருந்தது. சவிரிமுத்து என்று பெயர். கதையைக் கூத்தாகப் பாட்டுக் கட்டி ஊர் இளைஞர்களைப் பழக்கிக்கொண்டிருப்பதாகவும், கோயில் திருநாளுக்கு மேடையேறும்போது நான் வந்து பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அவருடைய கோயில் பங்கின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்த மனிதர் இன்னும் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

முதல் இரண்டு நாள் உடுவிலில் எங்கள் புராட்டஸ்டன்ட் சபைக்காரர் ஒருவர் வீட்டில் தங்கினேன். ஓய்வுபெற்ற வாத்தியார். சாப்பாட்டுக்குக் குறையில்லை. காலையில் சிவப்பரிசிமாப் புட்டும் சம்பலும், மத்தியானம் சோறும் சொதியும். சொதி என்பது தேங்காய்ப்பாலில் செய்த மஞ்சள் தண்ணீர். முதல் நாள் அதை அலட்சியமாகப் பார்த்தேன், இரண்டாம் நாள் கிண்ணத்தை நானே என் பக்கம் இழுத்துக்கொண்டேன். சீனிதான் கண்ணில் படவில்லை. பனங்கட்டியை ஒரு துண்டு கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்குக் கருப்பட்டி சுமந்துகொண்டு வந்த மூடன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பாண் என்கிற ரொட்டி வாங்க விடியுமுன்னே வரிசை. எங்கள் ஊர் ரேஷன் கடை வரிசையில் அடிதடி நடக்கும். இங்கே அரசியல் பேசுகிறார்கள், வரிசை நகர்ந்ததுகூடத் தெரியாமல்.

வாத்தியாருக்கு ஹுஸ் என்றால் உயிர். சாப்பாட்டு ஜெபத்தில்கூட எப்படியாவது அவரைக் கொண்டுவந்து நுழைத்துவிடுவார். மூன்றாம் நாள் காலை சவிரிமுத்து என்னை அழைத்துப்போக வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் காய்ந்த கறுத்த உடம்பு, பனையோலை உமலில் பாரை மீன். வேலிப் படலைக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன். "இல்லை ஐயா, இஞ்சை நிக்கிறன்" என்றார். வாத்தியார் வீட்டம்மா மீனை மட்டும் உள்ளே எடுத்துப் போனார். எனக்குப் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணீர் வந்தது. அவருக்கு, வேலியோரம் கவிழ்த்து வைத்திருந்த அலுமினியப் பேணியில் வந்தது. குடித்துவிட்டு அவரே கழுவிப் பழையபடி கவிழ்த்து வைத்தார்.

ஹுஸின் ஆட்கள் கடைசியில் வாளெடுத்துச் சண்டை போட்டது ஒரு கிண்ணத்துக்காக. நற்கருணைத் திராட்சரசக் கிண்ணம் குருவுக்கு மட்டுமில்லை, எல்லார் வாய்க்கும் வர வேண்டும் என்று கேட்டார்கள். என் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை வாத்தியார் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருந்தார்.

நீங்களும் கூத்துக்கு வாருங்களேன் என்று அவரைக் கேட்டேன். "நான் உங்கையெல்லாம் போறேல்லை, தம்பி. ஹுஸைப் பற்றி உவனுக்கு என்ன விளங்கும்? கடலுக்குப் போறவன்" என்றார். படலையடியில் நின்ற சவிரிமுத்துவுக்கு அது நன்றாகவே கேட்டிருக்கும். சொல்லிக்கொண்டு கிளம்பியதாகக்கூட ஞாபகமில்லை.

பஸ் வரவில்லை. வாடகைக்கு ஓடும் ஒரு பழைய ஒஸ்ரின் காரில் ஏறினோம். எங்கள் ஊரில் அந்தக் காரைப் பழைய இரும்புக் கடையில்தான் பார்க்கலாம். கதவைக் கயிற்றால் கட்டியிருந்தது. மடிக்கு மடி ஆள், காலடியில் ஒரு ஆட்டுக்குட்டி. வல்லை வெளிக்கு வந்ததும் கார் நின்றது. இரண்டு பக்கமும் உப்புத்தரை, மரமில்லை, நிழலில்லை. சாரதி இறங்கிப் பீடி பற்றவைத்துக்கொண்டு, "எண்ணெய் முடிஞ்சுது, தள்ளுங்கோ" என்றார். அவர் பாட்டுக்கு ஏறி உட்கார்ந்துகொள்ள நாங்கள் தள்ளினோம். ஆட்டின் சொந்தக்காரி மட்டும் இறங்க மறுத்துவிட்டாள்.

தள்ளிக்கொண்டே சவிரிமுத்து பாடினார். ஹுஸாக அவரே மேடைக்கு வருகிற வரவுப் பாட்டாம். நான் பக்கம் பக்கமாக எழுதிக் கிழித்ததை அந்த மனிதர் நான்கு வரிக்குள் அடக்கியிருந்தார். அந்த எதிர்க்காற்றிலும் குரல் தெளிவாகக் கேட்டது. இவருக்கா விளங்காது என்று உடுவிலுக்குத் திரும்பிப்போய்க் கேட்கலாம் போல இருந்தது.

"மகளுக்குக் கலியாணம், ஐயா" என்றார், மூச்சு வாங்க. "திருநாள் முடிய வாற திங்கட்கிழமை. நிண்டு சாப்பிட்டிட்டுத்தான் போக வேணும். மாப்பிள்ளை மாதகல் பெடியன். கப்பலிலை வேலை கிடைச்சிருக்கு. தவசுகாலம் துடங்க முதல் கட்டி வைக்க வேணும். விட்டால் அவன் போயிடுவான். போனவன் எப்ப வருவானோ, ஆர் கண்டது."

தவசுகாலம் என்பது ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்கள். அந்த நாட்களில் அங்கே கோயிலில் கல்யாணம் இல்லை. அந்த வருஷம் அது திருநாளுக்கு அடுத்த புதன்கிழமையே தொடங்கிவிடுகிறது.

கடற்கரையில் அவர் வீட்டில் எனக்குக் கூழ் கொடுத்தார்கள். பனங்கிழங்கு ஒடியல் மாவில் நண்டும் இறாலும் மீன்தலையும் பயிற்றங்காயும் போட்டுக் காய்ச்சி, பலாவிலையை மடித்து அதில் ஊற்றிக் கையில் தருகிறார்கள். உறைப்பில் கண்ணும் மூக்கும் ஒழுகியது. மகள் ஜெசிந்தா பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். வாயாடிப் பெண். "ஐயா, உங்கடை ஆளாலை எங்களுக்குப் பெரிய கரைச்சல். ஆறு மாசமா அப்பா கடலுக்குப் போறதும் எரிஞ்சுகொண்டுதான், வாறதும் எரிஞ்சுகொண்டுதான்" என்றாள். தாய் திரேசம்மா, "வாயைப் பார்" என்று அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். நான் அந்தச் சபையில்லை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முன்பெல்லாம் லத்தீனில் நடந்த பூசை இப்போது தமிழில். ஜனங்களின் பாஷை கோயிலுக்குள் வர இத்தனை நூற்றாண்டு பிடித்திருக்கிறது. பிரசங்கம் முடிந்ததும் சுவாமியார் ஓலை வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், விக்கினம் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்க வேண்டும். மூன்றும் வாசித்தால்தான் தாலி. அன்று ஜெசிந்தாவுக்கு இரண்டாம் ஓலை. பெயர் வந்தபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குனிந்தாள். வாயாடிக்குக்கூட வெட்கம் வரும் என்று கண்டேன்.

பூசைக்குப் பிறகு எங்களைச் சுவாமியார் குடியிருக்கும் மிசன் வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. பங்குச் சுவாமியாருக்கு நாற்பது வயதுக்குமேல் இராது. ரோமாபுரியில் படித்தவர், மரியாதையாகத்தான் பேசினார். எனக்கு நாற்காலி. சவிரிமுத்துவுக்கு இல்லை.

"புத்தகம் வாசிச்சனான். நல்ல தமிழ்" என்றார் என்னிடம். பிறகு அவரிடம் திரும்பினார். "நான் கூத்தை நிப்பாட்டச் சொல்லேல்லை. ஆனா இது கோயில் வளவு. உந்த மனிசனை வேதத்துக்காகச் செத்த வேதசாட்சி மாதிரிக் காட்டக்கூடாது, விளங்குதோ?"

"ஓம் சுவாமி."

வெள்ளை அங்கி கூடாது, கறுப்புத்தான். சீட்டு விற்கிற காட்சி வேண்டாம். கூத்தில் யான் யுவான் ஆகியிருந்தார்; அவரை யுவானியார் என்று புனிதர்களைச் சொல்கிற மாதிரிச் சொல்லாமல் வெறும் யுவான் என்று சொல்ல வேண்டும். முடிவுப் பாட்டைச் சுவாமியாரே எழுதி வைத்திருந்தார். திருச்சபைக்கு அடங்காதவனின் கதி இதுதான் என்று வருகிறது. ஒவ்வொன்றுக்கும் சவிரிமுத்து, "ஓம் சுவாமி" என்றார்.

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். அப்புறம் என்னத்துக்கு இந்தக் கூத்து, கதையின் குடலையே உருவிவிட்டாரே என்றேன். "விடுங்கோ ஐயா. பெடியள் இவ்வளவு நாளும் பாடுபட்டவங்கள். கறுப்போ வெள்ளையோ, ஆள் அவர்தானே" என்றார். அந்த வாரம் முழுக்கக் கடலிலிருந்து வந்து, வலையை உதறிக் காயப்போட்டுவிட்டு, தான் கட்டிய பாட்டுகளைத் தானே வெட்டிக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்கவில்லை எனக்கு. பருத்தித்துறைச் சந்தைக்குப் போய் மீன் ஏலம் பார்த்துப் பொழுதைக் கழித்தேன்.

சனிக்கிழமை, சுவாமியாரின் உத்தரவுப்படி பொழுதுபடவே கூத்துத் தொடங்கியது. முன்வரிசையில் அவருக்குச் சாய்வு நாற்காலி. மணலில் பாய் விரித்துப் பெண்களும் பிள்ளைகளும். கூத்தை நடத்தும் அண்ணாவியார் தாளம் தட்ட, சவிரிமுத்து கறுப்பு அங்கியில் வந்தார். சொன்ன சொல் மாறவில்லை. யுவான் என்றே பாடினார்கள். சீட்டுக் காட்சி இல்லை. ஆயர்மாராக வந்தவர்கள் அவரை வைது பாடினார்கள். மறுதலிக்கிறாயா என்று கேட்டார்கள். இவர் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். அந்த இடத்தில் அவர் கட்டியிருந்த பாட்டும் வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

பிறகு பனங்கட்டையில் அவரைக் கட்டினார்கள். காகிதத் தொப்பியை வைத்தார்கள். நான்கு பேர் சுற்றி நின்று சிவப்புச் சேலைகளை உதறினார்கள். தீப்பந்தத்தில் குங்கிலியத்தை வீச, பக்கென்று எழுந்து புகை மூடியது.

பாயில் இருந்த பெண்கள் எழுந்தார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. எழுந்து, முக்காட்டை இழுத்துப் போட்டு, மணலில் முழங்காலில் விழுந்தார்கள். அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக இதுதான் வழக்கம். வருஷா வருஷம் செபஸ்தியாரை அம்பெய்து கொல்வதையும் லோரஞ்சியாரை நெருப்பில் வாட்டுவதையும் பார்த்த ஜனம். கூத்திலே யாரைக் கட்டிவைத்துக் கொல்கிறார்களோ அவர் புனிதர். கொல்கிறவன் பொல்லாதவன். அவர்களுக்கு வேறு கணக்குத் தெரியாது. சுவாமியார் எழுதிய பாட்டை அண்ணாவியார் எடுக்குமுன்னே, மீன் விற்கிற பெண் ஒருத்தி உரத்த குரலில் தொடங்கினாள்: "யுவானியாரே..."

வளவு முழுக்க மறுமொழி சொன்னது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

மறுபடி, மறுபடி. ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது, பொய் சொல்லவில்லை. உலகத்தில் எந்தச் சபையும் அந்த மனிதரிடம் இப்படி வேண்டிக்கொண்டிருக்காது. கட்டையில் நின்ற சவிரிமுத்துவைப் பார்த்தேன். அவர் ஜனங்களைப் பார்க்கவில்லை. முன்வரிசை நாற்காலியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது.

மறுநாள் பூசையில் சுவாமியார் ஓலை வாசித்தார். வேறு இரண்டு சோடிகளின் பெயரை வாசித்தார். தாளை மடித்தார். நற்கருணைப் பேழையின் பக்கம் திரும்பிவிட்டார்.

கோயில் முழுவதும் ஒரே நேரத்தில் திரேசம்மாவைப் பார்த்தது. மாதகலிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாய் எழுந்து வெளியே போனார். கல்யாணம் அடுத்த நாள். பந்தல் போட்டாயிற்று, பலகாரம் சுட்டாயிற்று. ஜெசிந்தா குனிந்த தலையோடு அப்படியே இருந்தாள்.

மிசன் வீட்டுக்கு நானும் கூடப் போனேன்.

"சுவாமி சொன்ன மாதிரித்தானே எல்லாம் செய்தனான்" என்றார் சவிரிமுத்து.

"நீர் என்ன செய்தீரோ, சனம் ஒரு பதிதனை, வேதத்துரோகியைக் கும்பிட்டுது. என்ரை கோயில் வளவிலை" என்றார் சுவாமியார். குரலை உயர்த்தவில்லை. "இண்டைக்குப் பின்னேரம் ஆசீர்வாதத்துக்கு எல்லாரும் வருவினம். பீடத்துக்கு முன்னாலை முழங்காலிலை நிண்டு, உவன் பதிதன், அவனைக் கூத்திலை கொண்டுவந்தது என்ரை பிழை, என்னை மன்னியுங்கோ எண்டு சொல்லும். சொன்ன உடனை ஓலையை வாசிக்கிறன். நாளைக்குக் கலியாணம் நடக்கட்டும்."

நான் குறுக்கே விழுந்தேன். குற்றம் என் புத்தகத்தின் மேல், வேண்டுமானால் நான் சொல்கிறேன், அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று கத்தினேன். அவர் என்னைப் பொறுமையாகப் பார்த்தார். "நீங்கள் கப்பல் ஏறிப் போடுவியள், ஐயா. நான் இந்தச் சனத்தோடை இருக்க வேணும்" என்றார். சவிரிமுத்து என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

வீட்டில் ஜெசிந்தா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "வேண்டாம் அப்பா. நான் கட்டாமலே இருக்கிறன். நீங்கள் உவருக்கு முன்னாலை முட்டுக்குத்த வேண்டாம்." அவர் அவளை விலக்கிவிட்டு உள்ளே போனார். திரேசம்மா வெளுத்த வேட்டியை எடுத்துக் கொடியில் போட்டார்.

அன்று பின்னேரம் கோயிலில் நிற்க இடமில்லை. முந்தின நாள் மணலில் முழங்காலில் விழுந்த அதே பெண்கள், அதே முக்காடு. சவிரிமுத்து பீடத்தின் முன் முழந்தாளிட்டுச் சொன்னார். எதிர்க்காற்றில் கேட்ட குரல் எனக்குக் கேட்கவில்லை.

"கேக்கேல்லை. சத்தமாய்" என்றார் சுவாமியார்.

இரண்டாம் தரமும் சொன்னார். முதலிலிருந்து கடைசிவரை, எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு சுவாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். விக்கினம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. மீன் விற்கிற பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "நல்ல காலம், சவிரி மனந்திரும்பிப் போட்டான்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

வெளியே அவரோடு நடந்தேன். என் வாய் சும்மா இராது. ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்ல மாட்டேன் என்றுதானே அவர் நெருப்பில் போனார், அண்ணை, என்று சொல்லிவிட்டேன்.

"ஓம் ஐயா" என்றார். "அவருக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லையே."

திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. ஜெசிந்தா நிமிரவே இல்லை, வெட்கம் என்று எல்லாரும் சொன்னார்கள். பந்தியில் சுவாமியாருக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்தார்கள். வெளியூர் விருந்தாளியாம். சாப்பாட்டுக்கு முன் சவிரிமுத்து செம்பில் தண்ணீரும் தோளில் துண்டுமாக வந்து சுவாமியாரின் கையில் ஊற்றினார். கையைத் துடைத்துக்கொண்டே அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"உங்கடை புத்தகம் உண்மையிலேயே நல்ல புத்தகம். இன்னொரு பிரதி இருந்தால் தந்திட்டுப் போங்கோ. குருமடத்து லைபிரரியிலை வைக்கலாம். பெடியள் வாசிக்க வேணும்."

தர மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நிமிர்ந்தபோது செம்போடு நின்ற சவிரிமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் தவிர வேறொன்றும் இல்லை. அவருக்குப் பின்னால் மணவறையில் அந்தப் பெண்.

"தருகிறேன், சுவாமி" என்றேன்.

அடுத்ததாகச் சவிரிமுத்து என் கையில் தண்ணீர் ஊற்றினார்.